முதல் மீட்பு வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழுதாகி நின்ற வாகனங்களை இழுத்துச் செல்லும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க விரும்பும் வாசகர்களின் கடிதங்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவரின் கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக வேறொருவரின் மீட்பு வண்டியை ஓட்டி வருகிறேன். கையிலிருக்கும் சேமிப்புக்கு ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். காரை முழுவதுமாக ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் நல்லதா, இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வீல் லிஃப்ட் நல்லதா?

ஏழு ஆண்டுகள் ஓட்டியவருக்கு நான் சொல்லக்கூடியதில் பாதி அவருடைய நினைவிலேயே இருக்கும். ஆகவே வண்டி விற்பவரிடம் போவதற்கு முன்னால் கடந்த மூன்று மாதங்களில் உங்களுக்கு வந்த அழைப்புகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நின்ற வண்டி என்ன வகை, எங்கே நின்றது, அதன் சக்கரங்கள் உருண்டனவா, எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டீர்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். நீங்கள் எந்த வண்டியை வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டு ஏறக்குறையச் சொல்லிவிடும்.

வீல் லிஃப்ட் நீளம் குறைந்தது. நெருக்கமான இடத்தில் திரும்பும். அடித்தள வாகன நிறுத்தங்களின் தாழ்ந்த கூரைக்குக் கீழே பிளாட்பெட் நுழையவே முடியாத இடங்களில் உயரம் குறைந்த வீல் லிஃப்ட் போய்வரும். பழகிய கைக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்காமலேயே சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் வகையும் உண்டு. வழியை மறித்து நிறுத்தப்பட்ட கார்களை அகற்றுவதுதான் உங்கள் நோட்டில் முக்கால் பங்கு என்றால் அதையே வாங்குங்கள். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு நிலைமை வேறு. இன்று சாலையில் ஓடும் கார்களில் இரண்டு சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுக்கத் தகாதவை வரவர அதிகமாகி வருகின்றன. நான்கு சக்கரமும் இயங்கும் கார்களில் முன் அச்சைத் தூக்கிவிட்டுப் பின்சக்கரங்களை உருளவிட்டால், இரண்டு அச்சுகளையும் இணைக்கும் பகுதி வேக வேறுபாட்டைத் தாங்க முடியாமல் சூடேறிக் கெட்டுப்போகும். பெரும்பாலான தானியங்கி கியர் பெட்டிகளில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை இயந்திரம்தான் இயக்குகிறது. இயந்திரம் அணைந்த நிலையில் இயக்கச் சக்கரங்கள் தரையில் நெடுந்தூரம் உருண்டால் உள்ளே மசகு இல்லாமல் பற்கள் தேயும். மின்சாரக் கார்களில் சக்கரத்தோடு மோட்டாரும் சேர்ந்தே சுழல்வதால், இழுக்கப்படும்போது அது மின்னாக்கியாக மாறி, தேவையற்ற மின்சாரத்தையும் வெப்பத்தையும் உண்டாக்கிவிடும். அத்தகைய கார்களின் கையேடுகள் நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் கொண்டுசெல்லச் சொல்வது இதனால்தான்.

உருளும் சக்கரங்களுக்கு அடியில் டோலி எனப்படும் சிறு சக்கரத் தாங்கியைப் பொருத்தி வீல் லிஃப்டிலேயே சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான்; நானும் செய்திருக்கிறேன். என் முதல் வண்டி வீல் லிஃப்ட்தான். மழை பெய்யும் இரவில், பக்கத்தில் வண்டிகள் சீறிப்போகும் சாலையோரத்தில் மண்டியிட்டு டோலியை மாட்டிய பிறகுதான், மிச்சம் பிடித்ததாக நான் நினைத்திருந்த பணத்துக்கு என்ன விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. எப்போதாவது ஒருமுறை என்றால் டோலி நல்ல துணை. அன்றாடப் பிழைப்புக்கு ஆகாது.

ஆகவே ஒரே ஒரு வண்டிதான் என்றால், தளம் பின்னோக்கி வழுக்கிச் சரிந்து இறங்கும் பிளாட்பெட்டில், வால்பகுதியில் சிறிய வீல் லிஃப்ட் கையொன்றும் இருக்கும் வகையைப் பரிந்துரைப்பேன். அச்சு முறிந்த கார், விபத்தில் நொறுங்கிய கார், தாழ்ந்த கார், மோட்டார் சைக்கிள் என எல்லாவற்றையும் தளம் ஏற்றுக்கொள்ளும். வால்கை, தேவைப்பட்டால் இரண்டாவது காரையும் இழுத்து வரும். அடித்தள நிறுத்த வேலைகளை மட்டும் சில காலம் பிறருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பார்த்த பிளாட்பெட்டின் தளம் நான்கரை டன் தாங்கும் என்று அதன் தகட்டிலேயே பொறித்திருக்கிறது. அப்படியானால் எந்தக் காரையும் கவலையில்லாமல் ஏற்றலாம் அல்லவா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த இதழின் பகுதியை எழுதியிருப்பேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தூக்கும் திறனைப் பார்த்து வண்டி வாங்குகிறார்கள். ஆனால் சாலையில் உங்களைக் கட்டுப்படுத்துவது மிஞ்சியிருக்கும் சுமைத்திறன்தான். தளத்தைச் செய்தவர் தன் தளம் எவ்வளவு தாங்கும் என்று தகட்டில் எழுதுகிறார். கீழே இருக்கும் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், எவ்வளவு சுமக்கும் என்பதை வேறொரு தகடு சொல்லும். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் நீங்கள் கட்டுப்பட்டவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேஸியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தளமும், உருளையில் வடத்தைச் சுற்றிக் காரை இழுத்தேற்றும் விஞ்சும் பொருத்தப்பட்ட பிறகு வெறும் வண்டியே 4,900 கிலோ இருக்கிறது. ஓட்டுநரும் உடன் வரும் ஒருவரும் 160 கிலோ, 100 லிட்டர் டீசல் ஏறத்தாழ 84 கிலோ, சங்கிலி, பட்டை, கப்பி, டோலி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று கொண்டால் ஏறக்குறைய 500 கிலோ அதிலேயே போய்விடுகிறது. தளத்தின் தகடு நான்கரை டன் என்று சொன்னாலும், சட்டப்படி நீங்கள் ஏற்றக்கூடியது 2,100 கிலோ மட்டுமே. சாதாரணக் கார்களுக்கு அது போதும். ஆனால் பெரிய மின்சார எஸ்.யு.வி. ஒன்று 2,400 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதோடு வால்கையில் இன்னொரு காரின் முன்பகுதியையும் தூக்கினால், தூக்கிய அந்த அச்சின் எடையும் இதே கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனவே விற்பவர் வாயால் சொல்லும் வெற்று எடையை ஏற்றுக்கொள்ளாமல், எரிபொருள் நிரப்பி, கருவிகளோடு வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது இந்த வகை வண்டிகளில் அபூர்வமில்லை.

முன் அச்சின் எடையை ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், வீல் லிஃப்டில் அதுதான் உயிர்நாடி. வாலில் தூக்கிய சுமை, பின் அச்சை நடுப்புள்ளியாகக் கொண்டு ஏற்றமரம்போல வண்டியின் மூக்கை மேலே கிளப்பும். தூக்கிய எடையைப் பின் அச்சிலிருந்து அது தொங்கும் தூரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால், முன் அச்சு இழக்கும் எடை கிடைக்கும். அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், வாலில் 2 மீட்டர், வெறுமையாக நிற்கும்போது முன் அச்சில் 1,600 கிலோ என்று கொள்ளுங்கள். ஒரு காரின் 900 கிலோ அச்சைத் தூக்கினால் முன்னே 450 கிலோ குறைந்து 1,150 நிற்கும். ஸ்டியரிங் பிடிப்பு இருக்கும். அதே வண்டியில் 1,700 கிலோ அச்சுள்ள கனமான வேன் ஒன்றைத் தூக்கினால் 850 குறைந்து 750தான் மிஞ்சும். முன் அச்சின் வெற்று எடையில் பாதியாவது எப்போதும் தரையை அழுத்த வேண்டும் என்பது இத்தொழிலில் நிலைபெற்ற விதி. இந்த உதாரணத்தில் அந்தப் பாதி 800. கை அந்த வேனைத் தூக்கிவிடும், வண்டியும் நகரும், ஆனால் ஈரச் சாலையின் முதல் வளைவில் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

கேள்வி: கொக்கியும் சங்கிலியும் உள்ள பழைய பாணி இழுவை வண்டி ஒன்று மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. தொடக்கத்துக்கு அது போதாதா?

அந்தப் பாணிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் சட்டநூகா நகரில் பட்டறை வைத்திருந்த எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடைக்குள் விழுந்த காரொன்றைக் கயிறும் கட்டைகளும் ஆட்களுமாகப் பாடுபட்டு மீட்ட பிறகு, 1916இல் ஒரு பழைய காடிலாக் காரின் மேல் மூன்று கழிகளையும் ஒரு கப்பியையும் சங்கிலியையும் பொருத்தித் தன் மீட்பு வண்டியை உருவாக்கினார். இத்தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அந்நகரில்தான் இருக்கிறது. சேஸியோடு உறுதியாகப் பிணைத்த இரும்பு பம்பர் இருந்த காலத்துக் கார்களுக்கு அந்த முறை பொருந்தியது. இன்றைய கார்களின் முகப்பு பிளாஸ்டிக் உறை. அதன் உள்ளே விளக்குகளும் உணரிகளும் குளிர்விப்பானும் இருக்கின்றன. அங்கே சங்கிலியைப் போட்டால், பழுதை மீட்கப் போனவர் புதிய பழுதுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். பழைய இரும்புக் கடையிலிருந்து வண்டிகளை ஏற்றி இறக்குவதுதான் உங்கள் வேலை என்றால் வாங்குங்கள், மற்றபடி வேண்டாம்.

கேள்வி: புதிய வண்டிக்குப் பெரும் கடன் வாங்க வேண்டும். பயன்படுத்திய வண்டி வாங்கலாமா? எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதல் வண்டியைப் பழையதாக வாங்குவதில் நான் எந்தக் குறையும் காணவில்லை. எந்த மாதத்தில் எத்தனை அழைப்பு வரும் என்று தெரியாத முதல் ஆண்டில், மாதத் தவணை நிலையாக வந்து நிற்பது பெரும் சுமை. ஆனால் கையிலிருப்பதையெல்லாம் விலையில் போட்டுவிட்டு, பழுதுபார்க்க ஒன்றுமில்லாமல் நிற்பவருக்குப் பழைய வண்டி புதியதைவிட விலை கூடியதாகிவிடும். விலையில் ஆறில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள் என்பது என் சொந்தக் கணக்கு.

கிலோமீட்டர் காட்டியை மட்டும் நம்பாதீர்கள். மீட்பு வண்டியின் இயந்திரம், வண்டி நின்றிருக்கும்போதும் வேலை செய்கிறது. கியர் பெட்டியிலிருந்து விசையை எடுத்து ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றும் பி.டி.ஓ. இயங்கும் நேரமெல்லாம் இயந்திரத்துக்குத் தேய்மானம்தான். அது எதுவும் கிலோமீட்டரில் ஏறாது. இயங்கிய மணிநேரத்தைக் காட்டும் கருவி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மிதிகட்டைகளின் தேய்மானமும், கட்டுப்பாட்டு நெம்புகோல்களின் தளர்வும், இருக்கை அமுங்கியிருக்கும் விதமும் உண்மையை ஓரளவு சொல்லும்.

அடுத்து, தளத்தை முழுவதும் பின்னே தள்ளி, முழுவதும் சரித்துவிட்டு, அதன் அடியில் தலையை நீட்டாமல், பக்கவாட்டில் நின்று சட்டகத்தைப் பாருங்கள். பெயின்ட் புதிதாக அடித்த இடத்தில்தான் என் கண் முதலில் போகும். தளத்தின் கீல் ஊசிகள், சிலிண்டர்கள் பொருத்திய காதுகள், தளச்சட்டம் சேஸியோடு சேரும் இடங்கள் ஆகியவற்றில் பிற்காலத்தில் வெல்டிங் செய்த தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி விரிசல் விடுவது அங்கேதான். தளம் வழுக்கும் தடத்திலுள்ள தேய்மானத் தகடுகள் தீர்ந்திருந்தால் தளம் பக்கவாட்டில் ஆடும். அது மாற்றக்கூடிய பொருள், விலையைக் குறைக்க நல்ல காரணம். சட்டக விரிசல் அப்படியில்லை. அதைக் கண்டால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

சோதனைக்குப் போகும்போது கனமான கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு போங்கள். வெறும் தளம் எந்த வண்டியிலும் அழகாக ஏறி இறங்கும். காரை ஏற்றி, தளத்தைப் பாதி சாய்வில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, விற்பவரோடு பேசிக்கொண்டே கால்மணி நேரம் காத்திருங்கள்; தளம் தானாகக் கீழே இறங்கியிருந்தால் சிலிண்டரிலோ வால்விலோ உள்கசிவு இருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குழாய்கள் ஓடாமல் நின்ற வண்டியிலும் வயதால் வெடிக்கும். ஆகவே அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். விஞ்சின் வடத்தை முழுவதும் அவிழ்த்துக் கடைசிச் சுற்றுகள் வரை பாருங்கள். நசுங்கலும் முறுக்கும் துருவும் உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

தகடுகள் இரண்டும் அதனதன் இடத்தில் படிக்கும்படி இருக்கின்றனவா, அவற்றின் எண்கள் ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா, வண்டியின் பேரில் தீராத கடன் இருக்கிறதா என்பவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: விஞ்சுக்கு இரும்பு வடம் நல்லதா, செயற்கை இழை வடம் நல்லதா? எவ்வளவு இழுவைத் திறன் தேவை?

திறனிலிருந்து தொடங்குகிறேன். விஞ்சின் மேல் எழுதியிருக்கும் திறன், உருளையில் முதல் அடுக்கு வடம் மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற உருளையின் விட்டம் பெருகி, இழுவிசை குறையும். தளத்தில் காரை ஏற்றும்போது பெரும்பாலும் மேலடுக்குகளில்தான் வேலை நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

2,000 கிலோ கார் ஒன்றைப் பன்னிரண்டு பாகை சாய்வில் ஏற்ற, சக்கரங்கள் தாராளமாக உருண்டால், ஏறத்தாழ 450 கிலோ இழுவிசை போதும். அதே காரின் சக்கரங்கள் நான்கும் பூட்டிக்கொண்டு உலர்ந்த தளத்தில் தேய்த்தபடி ஏற வேண்டுமானால் 1,800 கிலோ வரை தேவைப்படலாம். சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியோ தன் எடைக்கும் மேலேயே கேட்கும். இலகுரக வண்டிகளில் பரவலாக வரும் 3,600 கிலோ விஞ்ச் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். போதாத இடத்தில் கப்பியொன்றைப் போட்டு வடத்தை இரட்டித்தால் வேகம் பாதியாகி விசை ஏறக்குறைய இரட்டிக்கும். நல்ல கப்பிகள் இரண்டை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

வடத்தைப் பொறுத்தவரை, செயற்கை இழை எடை குறைந்தது, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் இரும்பைப் போல் மூர்க்கமாக வீசியடிக்காது. ஆனால் கூரிய விளிம்பிலும் மணல் துகளிலும் வெயிலிலும் வெப்பத்திலும் அது விரைவாக நலிகிறது. இரும்பு வடம் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும்; அறுந்த கம்பிகள் கையில் ஏறும். கார்களைத் தளத்தில் ஏற்றுவதே முதன்மை வேலை என்றால் நான் இழை வடத்தை எடுப்பேன், பள்ளத்திலிருந்து வண்டிகளை இழுக்கும் வேலை அதிகமென்றால் இரும்பை. எதுவானாலும், வடம் விறைத்திருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடக் கூடாது.

கேள்வி: லாரி, பேருந்துகளை மீட்பதில்தான் வருமானம் அதிகம் என்று என் கணவர் சொல்கிறார். நேரடியாகக் கனரக வண்டியே வாங்கிவிடலாமா?

உங்கள் கணவர் ஓர் அழைப்பின் கட்டணத்தைப் பற்றிச் சொல்வது சரிதான். ஆனால் அழைப்புகள் அரிதாக வருகின்றன, வண்டியின் விலை பல மடங்கு, ஓட்டும் உரிமமும் வேறு வகை. காற்று பிரேக்கை வெளியிலிருந்து விடுவிப்பது, இயக்கத் தண்டைக் கழற்றுவது, கவிழ்ந்த சரக்கைக் கணித்துத் தூக்குவது எல்லாம் பிறரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்துக் கற்க வேண்டியவை. அவருக்கு அந்த அனுபவம் இருந்தால் மீண்டும் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

கேள்வி: இரண்டு பேர் அமரும் கேபின் போதுமா, இரட்டை வரிசைக் கேபின் வாங்க வேண்டுமா?

நடுவழியில் நிற்கும் காரில் குழந்தைகளோடு ஒரு குடும்பமே இருக்கும். ஏற்றப்பட்ட காருக்குள் அவர்களை அமர்த்திக்கொண்டு போகக் கூடாது. சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இரட்டை வரிசைக் கேபின் சில நூறு கிலோ சுமைத்திறனையும் கொஞ்சம் நீளத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். மேலே போட்ட கணக்கில் இடமிருந்தால் வாங்குங்கள். இடமில்லையென்றால் அவர்களை அழைத்துச்செல்ல வேறு வண்டி ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவையுங்கள்.

கேள்வி: வண்டிக்குக் காப்பீடு எடுத்துவிட்டேன். ஏற்றிச் செல்லும் காருக்குத் தனியாக எடுக்க வேண்டுமா?

உங்கள் வண்டிக்கான காப்பீடு, உங்கள் தளத்தில் நிற்கும் அடுத்தவர் காருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் பொறுப்பில் இருக்கும் வாகனத்துக்கு நேரும் சேதத்தை ஏற்கும் பிரிவு தனி. அது கொக்கி மாட்டிய கணத்திலிருந்து தொடங்குகிறதா, ஓடும்போது மட்டுமா, இரவில் உங்கள் முற்றத்தில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒரு காருக்கான உச்ச வரம்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள். நீங்கள் ஏற்றப்போகும் விலையுயர்ந்த காரைவிட அது குறைவாக இருந்தால், வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகும். இந்தப் பேச்சை வண்டி வாங்குவதற்கு முன்பே நடத்துவது நல்லது, ஏனென்றால் சில பழைய வண்டிகளையும், தளம் பட்டறையில் மாற்றிக் கட்டப்பட்டவற்றையும் காப்பீட்டாளர்கள் ஏற்க மறுப்பதுண்டு. ஒவ்வொரு காரையும் ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை உரிமையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.